நினைவுக்காக நடத்தல்: சுமைதாங்கி முதல் நடைபவனி வரை

யாழ்ப்பாணத்தின் பழைய வீதிகளில் இன்றும் ஆங்காங்கே சுமைதாங்கிகள் நிற்கின்றன. தலையில் கடகத்துடன் வரும் ஒருவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் வசதியாக, தோளுயரத்தில் கட்டப்பட்ட மேடைகள் அவை. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவற்றைக் கட்டுவது எமது முன்னோர் வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள் பெயரால், போகிறவர் வருகிறவர் சுமையை இறக்கட்டும் என்பது அதன் பொருள். பக்கத்திலேயே ஒரு கேணி, மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல், சில இடங்களில் ஒரு மடம். பருத்தித்துறையில் உள்ள தெருமூடி மடம் இன்னும் ஒரு படி மேலே போய்த் தெருவையே கூரைக்குள் எடுத்துக்கொண்டது. இரு பக்கமும் திண்ணை, கற்றூண்கள், நடுவே வீதி. வெயிலுக்குள் நடந்து வந்தவர் வீதியை விட்டு விலகாமலே நிழலுக்குள் வந்துவிடுவார்.

நூற்றாண்டு மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி கேட்டபோது, எமது சங்கம் இந்த ஆண்டு நடத்தும் நடைபவனியைப் பற்றி எழுதுவதென்று எடுத்துக்கொண்டோம். இது வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று மூத்த அக்காமார் சிலர் சொன்னதும் அதற்கு ஒரு காரணம். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. இறந்தவரின் நினைவையும் தெருவில் நடப்பவரையும் சேர்த்துக் கட்டும் வழக்கம் எமக்கு முன்பே இருந்தது என்பது மற்றப் பாதி.

நோயாளிக்காக நடப்பதும் இங்கே பழையதுதான். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் பாதயாத்திரை, கிழக்குக் கரையோரமாக முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு எனப் பல வாரங்கள் நீளும். அதில் போகும் பெண்கள் பலர் ஒரு நேர்த்தியின் பேரில் போகிறவர்கள். தாய்க்குச் சுகம் வரவேண்டும், பிள்ளைக்குக் கண் தெரியவேண்டும் என்று நேர்ந்து, கால் கொப்புளிக்க நடக்கிறவர்கள். அந்த நடையில் எவரும் எவரிடமும் பணம் சேர்ப்பதில்லை. தண்ணீர்ப்பந்தலும் அன்னதானமும் வழியில் உள்ளவர்கள் கொடுப்பது.

வைத்தியசாலைக்குப் பணம் சேர்ப்பது எமது ஊரில் வேறு வழியாக வளர்ந்தது. இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தொடக்கம் 1850இல். அப்போதைய அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக் முன்னின்று, நட்புறவுச் சங்கத்தின் தருமப் பணத்தில் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. இணுவிலில் 1898இல் திறக்கப்பட்ட மக்லியொட் பெண்கள், பிள்ளைகள் வைத்தியசாலைக்காக மேரி, மார்கரெட் லீச் என்ற மிஷனரிச் சகோதரிகள் கடல் கடந்து போய் நிதி திரட்டினார்கள். எம்மில் பலருடைய பாட்டிமார் பிள்ளை பெற்ற இடம் அது. ஆக, பொதுமக்கள் பணத்தில் வைத்தியசாலை எழுவதும் எமக்குப் புதினமில்லை. நடையும் நினைவும் நிதியும் தனித்தனியே எம்மிடம் இருந்தன. மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியவர்கள்தாம் பிற தேசத்தார்.

அந்தக் கயிற்றின் ஒரு நுனி புவேர்ட்டோ ரிக்கோத் தீவில் இருக்கிறது. 1953 ஒக்டோபரில் றமோன் றிவேரோ என்ற நகைச்சுவை நடிகர் (சனங்களுக்கு அவர் ‘டிப்ளோ’) சான் ஹுவானிலிருந்து பொன்சே வரை ஏறத்தாழ 80 மைல் நடந்து, அத்தீவின் புற்றுநோய்ச் சங்கத்துக்குப் பணம் சேர்த்தார். சிரிக்க வைப்பவர் நடக்கிறார் என்று பார்க்க வந்த சனம் சில்லறையைப் போட்டது.

ரெரி ஃபொக்ஸின் கதை கனடாவில் உள்ள எமது சகோதரிகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர்களது பிள்ளைகள் செப்டெம்பர் தோறும் பாடசாலையில் அவர் பெயரால் ஓடுகிறார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். 18 வயதில் எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர் அவர். தன்னோடு வார்டில் கிடந்த பிள்ளைகளின் முகம் மறக்காமல், 1980 ஏப்ரல் 12ஆம் திகதி கனடாவின் கிழக்குக் கரையில் ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஒரு மரதன் தூரம். கேட்டது கனேடியர் ஒவ்வொருவரிடமும் ஒரு டொலர். 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடிய பின், நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து செப்டெம்பர் 1ஆம் திகதி தண்டர் பே நகருக்கு அருகே நிறுத்தினார். 1981 ஜூன் மாதம், 23 வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில் காலமானார். அதற்கு முன்பே அவர் கேட்ட கணக்குக்கு மேல் பணம் சேர்ந்துவிட்டது. அந்தக் காலத்துச் செயற்கைக் காலின் பாரத்தையும், அதில் ஒரு நாள் நடந்தாலே துண்டித்த இடத்தில் தோல் உரியும் விதத்தையும் எமது தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள். அவர் அதில் ஓடினார்.

எமது தொழிலைச் சேர்ந்த ஒருவரும் இந்தச் சரித்திரத்தில் இருக்கிறார் என்பதைச் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரக்கோமா நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் கோர்டி கிளாட், 1985 மே மாதம் ஒரு பல்கலைக்கழக ஓட்டத் திடலை 24 மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார். 80 மைலுக்கு மேல். 25 டொலர் கொடுத்தவர் அவரோடு அரை மணி நேரம் ஓடலாம் அல்லது நடக்கலாம். சேர்ந்தது 27,000 டொலர். அடுத்த ஆண்டிலிருந்து குழுக்கள் மாறி மாறி இரவு முழுவதும் நடக்கும் நிகழ்வாக அது மாறியது. இருட்டியதும், இறந்தவர்களின் பெயர் எழுதிய காகிதப் பைகளுக்குள் விளக்கேற்றித் திடலைச் சுற்றி வைப்பார்கள். கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் சுட்டி வைத்து வளர்ந்த எமக்கு அந்தக் காட்சியில் அந்நியம் எதுவும் தெரியவில்லை.

இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டு, இலண்டன் பற்றசீ பூங்காவில் 680 பெண்கள் கூடி ஓடியதுதான் இப்போது நாடெங்கும் நடக்கும் ‘ரேஸ் ஃபோர் லைஃப்’ ஓட்டத்தின் முதல் நிகழ்வு. 2019 வரை அது பெண்களுக்கு மட்டுமே. நேரக் கணக்கோ முதலிடமோ அங்கே பெரிய விஷயமில்லை. முக்கியமானது முதுகில் குத்தும் ஒரு தாள். யாருக்காக ஓடுகிறேன் என்று அவரவர் கையால் அதில் எழுதுவார்கள். ‘அம்மாவுக்காக’ என்பது நிறையத் தாள்களில் இருக்கும். முன்னால் போகிறவரின் முதுகை வாசித்துக்கொண்டே போக வேண்டியிருப்பதால், முழுத் தூரமும் ஓட எண்ணி வந்த எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி பாதியில் நடைக்கு மாறிவிட்டதாக எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையில் நடுங்கிய எழுத்தில் ‘மம்மி’ என்று எழுதிய எழுபது வயதுப் பெண்மணி ஒருவரின் பின்னால் அவள் போயிருக்கிறாள்.

இங்கே ஒரு பக்கக் கதை. எங்கள் காலத்தில் கல்லூரியில் இல்ல மெய்வல்லுநர்ப் போட்டி என்றால் ஊரே திரண்டு வரும். 100 மீற்றர், 200 மீற்றர், அஞ்சல், உயரம் பாய்தல் எல்லாவற்றிலும் ஓடிப் பாய்ந்த பெண்கள், கல்லூரி வாசலைத் தாண்டியதும் ஓட்டத்தை நிறுத்திவிட்டோம். பிறகு ஓடியதெல்லாம் பஸ்ஸுக்கும் பங்கருக்கும்தான். 2011இல் நாங்கள் நடைப் பயிற்சிக்காக விடியற்காலையில் வீதியில் இறங்கியபோது அயலவர்கள் அக்கறையோடு கேட்ட முதற்கேள்வி, “பிள்ளைக்குச் சீனி வருத்தமோ?” என்பது. நோயில்லாத பெண் காரணமில்லாமல் வேகமாக நடப்பதை எமது ஊர் அப்போது கண்டதில்லை.

சீனி வருத்தம் என்று வீதியில் உரத்துக் கேட்கலாம். பிரஷர் என்றும் சொல்லலாம். புற்றுநோய் மட்டும் ‘அந்த வருத்தம்’. எங்கள் தாய்மார் காலத்தில் அதற்குப் பெயரே இல்லை. மரண அறிவித்தலில் ‘சிலகாலம் சுகவீனமுற்றிருந்து’ என்று வரும். அந்தியேட்டியன்று கொடுக்கும் கல்வெட்டில் குலம், கோத்திரம், பிள்ளைகளின் பட்டங்கள், மருமக்களின் உத்தியோகங்கள், பேரப்பிள்ளைகள் வசிக்கும் நகரங்கள் எல்லாம் இருக்கும். அம்மா எதனால் போனார் என்பது மட்டும் இராது. கட்டியைக் கண்டு ஒரு வருடம் சீலைக்குள் மறைத்து வைத்திருந்து, புண்ணாகி மணம் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்த தாய்மாரை நாங்கள் வார்டுகளில் பார்த்திருக்கிறோம். தங்கள் வீடுகளிலேயே பார்த்தவர்களும் எம்மில் உண்டு. பயம் நோயைப் பற்றி மட்டும் இருக்கவில்லை. “கலியாணம் பேசுற பிள்ளையள் இருக்கு” என்பதுதான் பெரிய பயம்.

மௌனத்தோடு தூரமும் சேர்ந்தது. எங்கள் தாய்மார் சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்த இடம் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கதிர்ச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதில்லை. வாரத்தில் ஐந்து நாளாக ஐந்தாறு வாரம் தினமும் கொடுக்கப்படுவது அப்போதைய முறை. போர்க்காலத்தில் அதற்கு முதலில் பாஸ் எடுக்க வேண்டும், பிறகு கப்பலோ சோதனைச்சாவடிகளோ. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டதும் அதுவும் இல்லை. பாதிச் சிகிச்சையோடு வீட்டில் இருந்துவிட்ட தாய்மாரின் எண்ணிக்கையை எவரும் எழுதி வைக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2011 ஜூலை மாத நடையைப் பார்க்க வேண்டும். நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரு நண்பர்கள், ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர், தெற்கு நுனியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கு நுனியான பருத்தித்துறை வரை நடப்பதென்று புறப்பட்டார்கள். ஏறத்தாழ 670 கிலோமீற்றர், 27 நாள், நாளுக்குச் சராசரி 25 கிலோமீற்றர். ‘ட்ரெயில்’ என்பது நடையின் பெயர். தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை கட்டுவது நோக்கம், 20 இலட்சம் அமெரிக்க டொலர் இலக்கு. போர் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. 1990இல் சனம் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கின் பல ஊர்களுக்கு மக்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை. அந்தப் பகுதிக்குத் தென்னிலங்கையிலிருந்து ஒரு வைத்தியசாலையைக் கால்நடையாகக் கொண்டுவருகிறோம் என்று சொன்னபோது, நம்புவதா விடுவதா என்று எமக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே வந்த எல்லாவற்றையும் நாங்கள் இருமுறை பார்த்தோம்.

விரும்பியவர் ஒரு நாள் மட்டும் சேர்ந்து நடக்கலாம் என்றிருந்தது. எங்கள் உயர்தர வகுப்பைச் சேர்ந்த ஏழு பேர் குடாநாட்டுப் பகுதியில் ஒரு நாளை எடுத்துக்கொண்டோம். ஐந்து பேர் தாயை இழந்தவர்கள். ஒருத்தி தந்தையை. வெற்றிலையும் புகையிலையும் அவர் வாயைத் தின்றிருந்தன. ஏழாமவளுக்கு இழப்பு எதுவும் இல்லை, எங்களைத் தனியே விட மனமில்லாமல் வந்தாள். வெளிநாட்டில் இருந்த வகுப்புத் தோழிகளிடமும் உறவினரிடமும் பணம் கேட்டோம். ஆட்டத் திதிக்கு ஐயருக்கும் அன்னதானத்துக்கும் ஒதுக்கியிருந்த தொகையில் ஒரு பங்கைத் தந்தவர்கள் இருந்தார்கள். “அம்மாவின்ரை பேரில ஒரு கட்டில் போடுவினமோ?” என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கல்லூரியின் ஞாபகார்த்தப் பரிசில்களில் பெயர் பொறித்துப் பழகிய எமக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது. நிதி எல்லாம் ஒன்றாகச் சேரும், தனித்தனிப் பெயர் கேட்க முடியாது என்று விளங்கப்படுத்தியும் பணம் வந்தது.

ஜூலை என்பதால் சோளகம் வீசியது. வடக்கே நடந்த எங்களுக்கு அது முதுகுக் காற்று. வெயில் தெரியாமல் வியர்வையை உலர்த்திவிடும் காற்று அது. ஆகையால் தண்ணீரும் உப்பும் போவது தெரியாது. நீர்வற்றி ஒருவர் சுருண்டு விழாமல் இருக்க ஜீவனி கரைத்துக் கொடுத்துக்கொண்டே போனோம். படலைகளில் செம்பும் குடமுமாகச் சனம் நின்றது. மோர், தேசிக்காய்த் தண்ணீர், ஒரு வீட்டில் பனங்கட்டியோடு தேத்தண்ணீர். தென்னிலங்கையிலிருந்து வந்த நடையர்களுக்கு அந்தப் பனங்கட்டி புதிது. கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும் என்று சைகையால் காட்டிக் கொடுத்தோம்.

நிழலுக்கு ஒதுங்கிய ஓரிடத்தில் ஆச்சி ஒருவர் கேட்டார். “ஆருக்காகப் பிள்ளையள் நடக்கிறியள்?” அம்மாவுக்காக என்றோம். “என்ன வருத்தம் அவவுக்கு?” எங்களில் ஒருத்தி, வீட்டில் ஒருபோதும் அந்தச் சொல்லைச் சொல்லியிராதவள், “மார்பிலை புற்றுநோய், ஆச்சி” என்றாள். ஆச்சி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, “கட்டப்போற ஆஸ்பத்திரியிலை கூட நிக்கிறாக்களுக்குப் படுக்க இடம் இருக்குமோ?” என்று மட்டும் கேட்டார். மகரகமையில் யாரோ ஒருவருக்காகத் தாழ்வாரத்தில் படுத்து எழும்பிய ஒருவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

நடந்துகொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் நினைவில் இன்னொரு நடை இருந்தது. பேசிக்கொள்ளாவிட்டாலும் அது ஒருத்தி முகத்தில் மற்றவளுக்குத் தெரிந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம், மழை. ஒரு அடி வைக்க ஒரு மணி நேரம். அப்போது எங்கள் வயது 16, 17. புத்தகப் பையை எங்களிடம் தந்துவிட்டு, மற்றச் சாமான் எல்லாவற்றையும் தாய்மார் சுமந்தார்கள். உயர்தரப் பரீட்சைக் குறிப்புகள் நனையாமல் பொலித்தீனில் சுற்றித் தந்ததும் அவர்களே. அந்தக் குறிப்புகளில் படித்துத்தான் எம்மில் சிலர் மருத்துவ பீடம் போனோம். அந்த நடையை எந்தத் தாயும் நிதிக்காகவோ நினைவுக்காகவோ நடக்கவில்லை. ஆயினும் 2011இல் 25 கிலோமீற்றர் முடிந்து காலைத் தண்ணீருக்குள் வைத்தபோது, அம்மாவோடு நடந்த தூரம் எவ்வளவு இருக்கும் என்று ஒருத்தி விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். மற்றவர்கள் அவளை எண்ண விட்டோம்.

இலக்கு எட்டப்பட்டது, வைத்தியசாலையும் தெல்லிப்பழையில் எழுந்தது. 2016 ஒக்டோபரில் அதே நண்பர்கள் திசையை மாற்றிப் பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு 28 நாள் நடந்தார்கள். இம்முறை காலி, கராப்பிட்டியில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலைக்காக. கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் கூட நின்றார்கள். மஹேல தம் தம்பியைப் பதின்ம வயதில் மூளைக் கட்டியால் இழந்தவர். அந்த நடையின் தொடக்க நாட்களில் எமது சகோதரிகள் பலர் சேர்ந்தார்கள். வடக்குக்காகத் தெற்கு நடந்த கடன் இருந்தது.

இப்போது எமது நடைபவனிக்கு வருவோம். கல்லூரி வாசலிலிருந்து தெல்லிப்பழை வைத்தியசாலை வரை என்று தீர்மானமானதில் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. வாதம் வந்தது முதுகில் குத்தும் அட்டையைப் பற்றி. ‘யாருக்காக’ என்று ஒரு வரி போதுமா, ‘என்ன நோய்’ என்று இரண்டாவது வரியும் வேண்டுமா? இரண்டாவது வரி வேண்டாம் என்றவர்களின் காரணம் எங்கள் தாய்மாரின் காரணமேதான். பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், பரம்பரை நோய் என்று ஊர் பேசும். இதை எள்ளி நகையாட எமக்கு மனமில்லை. அந்தப் பேச்சால் சம்பந்தம் குழம்பிய வீடுகளை நாங்களும் அறிவோம்.

ஆனால் சங்கத்தில் உள்ள வைத்தியர்கள் என்ற முறையில் எங்கள் கட்சியையும் சொன்னோம். மார்பகப் புற்றுநோயில் பரம்பரை வழியாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். அந்த ஐந்து, பத்துக்குள் இருக்கும் மகளுக்கோ, தாய்க்கும் பெரியம்மாவுக்கும் எந்த வயதில் என்ன வந்தது என்பது தெரிவதுதான் மருந்து. தெரிந்தால் முன்கூட்டியே பரிசோதிக்கலாம். தெரியாதவள் கட்டி வந்த பின்தான் எங்களிடம் வருகிறாள். இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகத்தில் வருவது. 1996 முதல் நாடெங்கும் உள்ள சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதான பெண்களை அழைத்து, மார்பையும் கருப்பைக் கழுத்தையும் இலவசமாகவே பரிசோதிக்கிறார்கள். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் நாளும் நேரமும் சொல்வார்கள். இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள் என்று கேட்டால் மேடையில் கை உயராது என்பது எமக்குத் தெரியும்.

மூன்று கூட்டங்கள் இதிலேயே போயின. இலண்டன் கிளையிலிருந்தும் ரொறன்ரோக் கிளையிலிருந்தும் திரையில் வந்து பேசினார்கள். தன் பேத்தி பாடசாலை ஓட்டத்தன்று ‘அம்மம்மாவின் அம்மாவுக்காக’ என்று எழுதிக் குத்திக்கொண்டு போனதாகவும், அவவுக்கு என்ன நடந்தது என்று பிள்ளை கேட்டபோது தான் பதில் சொல்லத் தடுமாறியதாகவும் ரொறன்ரோவிலிருந்து ஒரு அக்கா சொன்னார். அதன் பிறகு அதிகம் வாதமில்லை. அட்டையில் இரண்டு வரியும் இருக்கும், இரண்டாவதை நிரப்புவது அவரவர் விருப்பம் என்று முடிவாயிற்று.

அச்சகத்திலிருந்து 600 அட்டைகள் வந்துவிட்டன. பெயர் பதியும் மேசையில் தடித்த பேனைகள் இருக்கும். கண்ணாடி போடாமல் எழுத முடியாத அக்காமாருக்கு எழுதிக் கொடுக்க உயர்தர வகுப்பு மாணவிகள் நால்வர் இருப்பார்கள். முதலில் பதிந்தவர் எமது பழைய உடற்கல்வி ஆசிரியை. வயது 81. ஒரு கிலோமீற்றர்தான் நடப்பேன், மிச்சத்துக்கு ஓட்டோ பிடிப்பேன் என்று சொல்லி அட்டையை வாங்கினார். முதல் வரியில் ‘அம்மா’ என்று எழுதினார். பேனையை மூடாமல் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு, இரண்டாவது வரியில் ‘கருப்பைக் கழுத்து, 1962’ என்று எழுதி, மை காயும் வரை ஊதிக்கொண்டிருந்தார்.